நிற்கும் பேருந்தும் நிற்கும் பயணிகளும்

“இந்தப் பேருந்து நிற்கும் பயணிகளை ஏற்றிச் செல்லாது.”

மதுரை மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் ஒரு பேருந்தின் முன்கண்ணாடியில் இப்படி ஒரு வரி ஒட்டியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ‘நிற்கும்’ வரை படித்ததும் மனதுக்குள் ஒரு வாக்கியம் முடிந்துவிடுகிறது: பேருந்து நிற்கும். அடுத்த சொல் ‘பயணிகளை’. கண் சட்டென்று ஒரு சொல் பின்னால் போய்விட்டு வருகிறது. நிற்பது பேருந்தல்ல, பயணிகள். உட்கார இடம் இருந்தால் மட்டும் ஏறு என்கிறது அந்த வரி.

கொஞ்ச தூரம் ஒரு பொருளில் போய், பிறகு வேறு பொருளுக்குத் திரும்பும் இத்தகைய வாக்கியத்தை ஆங்கிலத்தில் ‘கார்டன் பாத்’ வாக்கியம் என்பார்கள். ‘தோட்டப் பாதை’ என்று மொழிபெயர்த்தால் ராஜாஜி பூங்காதான் நினைவுக்கு வரும். ஆகவே ‘தடம் மாறும் வாக்கியம்’ என்றே இங்கே சொல்கிறேன். கடைசிவரை இருபொருளாகவே நிற்கும் சிலேடை வேறு. இங்கே மயக்கம் தற்காலிகமானது. ஒரு குறிப்பிட்ட சொல் வந்ததும் தீர்ந்துவிடும். மனம் மொழியைக் கையாளும் விதத்தை ஆராயும் உளமொழியியலாளர்களுக்கு இது பிடித்துப்போனதற்குக் காரணமும் அதுதான். தீர்க்கும் சொல் எது என்று முன்கூட்டியே தெரிவதால், அந்த ஒரே சொல்லில் வாசகர் எவ்வளவு நேரம் தடுமாறுகிறார் என்று அளந்துவிடலாம்.

இந்த ஆய்வுகளில் எல்லோரும் காட்டும் முதல் எடுத்துக்காட்டு 1970-இல் தாமஸ் பெவர் தந்தது: ‘தி ஹார்ஸ் ரேஸ்ட் பாஸ்ட் தி பார்ன் ஃபெல்’. குதிரை களஞ்சியத்தைத் தாண்டி ஓடியது என்று படித்து முடிக்கும் இடத்தில் ‘விழுந்தது’ என்று இன்னொரு வினை வந்து நிற்கும். ‘ஓட்டப்பட்ட குதிரை விழுந்தது’ என்பதே சரியான பொருள். ஆங்கிலத்தில் ‘ரேஸ்ட்’ முற்றாகவும் எச்சமாகவும் ஒரே வடிவில் இருப்பதால் வந்த வினை இது. தமிழில் ‘ஓடியது’ வேறு, ‘ஓடிய’ வேறு. அதனால் இந்த எடுத்துக்காட்டை அப்படியே தமிழாக்கிப் பாடம் நடத்தினால் மாணவர்கள் விழிப்பார்கள். நமக்கு வழுக்கும் இடங்கள் வேறு.

அவற்றில் முதன்மையானது ‘செய்யும்’ என்ற வடிவம். இன்றைய தமிழில் அஃறிணைக்கு எதிர்கால முற்றும் இதுதான், பெயரெச்சமும் இதுதான். ‘மாடு மேயும்’ என்பது முழு வாக்கியம். ‘மாடு மேயும் வயல்’ என்பதில் அதே சொல் எச்சம். உயர்திணையில் இந்தச் சிக்கல் எழாது. ‘அழகர் ஆற்றில் இறங்கும்’ என்று கேட்டவுடனே அடுத்து ஒரு பெயர் வரப்போகிறது என்று தெரிந்துவிடும், நேரமோ நாளோ. முற்றாக இருந்தால் ‘இறங்குவார்’ என்றல்லவா இருக்க வேண்டும்! ஆனால் ‘தேர் மாசி வீதிகளில் வரும்’ என்பதோடு வாக்கியம் முடியலாம், முடியாமலும் போகலாம். நம் அறிவிப்புப் பலகைகளில் எழுவாயாக வருபவை எவை? பேருந்து, ரயில், மின்சாரம், குடிநீர், கடை, அலுவலகம், நடை. எல்லாம் அஃறிணை. அதனால்தான் ஒரு கதையில் இல்லாத அளவுக்கு அறிவிப்புகளில் இந்த வழுக்கல் இருக்கிறது.

எல்லா வழுக்கலும் ஒரே அளவில் வலிக்காது. ‘தேர் வரும் வீதிகளில் கடைகள் மூடப்படும்’ என்பதை யாரும் தடுமாறிப் படிப்பதில்லை. ‘வரும்’ முற்று என்று எடுத்திருந்தாலும், ‘வீதிகளில்’ வந்ததும் அதை எச்சமாக மாற்றிக்கொண்டால் போதும். வருவது தேர் என்ற உறவு கலையவில்லை. பேருந்து வரியில் அப்படியல்ல. பேருந்துக்கும் நிற்றலுக்கும் போட்ட முடிச்சை அவிழ்க்க வேண்டும். நிற்றலைப் பயணிகளோடு கட்ட வேண்டும். அநாதையாகிப்போன பேருந்தைத் தூக்கிக் கடைசியில் வரும் ‘ஏற்றிச் செல்லாது’ என்பதோடு கட்ட வேண்டும். மூன்று வேலை. வாக்கியம் எவ்வளவு நீளம் என்பதைவிட, எத்தனை முடிச்சை அவிழ்க்க வைக்கிறது என்பதே அதன் கடினத்தைத் தீர்மானிக்கிறது.

இதே வரியில் எழுவாயை மாற்றி, மீதியை அதற்கேற்பத் திருத்திப் பாருங்கள்: “இந்தச் சீட்டு நிற்கும் பயணிகளுக்குச் செல்லாது.” தடுமாற்றம் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. சீட்டு நிற்காது என்பது உலக அறிவு. மயங்கும் இடத்தின் இலக்கண அமைப்பு மாறவில்லை, பொருள்தான் மாறியிருக்கிறது. இந்த ஒரு வேறுபாட்டை வைத்துத்தான் ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் சண்டை போட்டார்கள். லின் ஃப்ரேசியர் தரப்பு சொன்னது: வாசகர் முதலில் இலக்கணத்தை மட்டும் பார்த்து, எது எளிய அமைப்போ அதைக் கட்டுகிறார்; பொருள் சரிபார்ப்பு பிறகுதான். மேரிலன் மெக்டொனால்டும் மற்றவர்களும் 1994-இல் இதை மறுத்தார்கள்: சொல்லின் பொருள், அது வழக்கமாக வரும் அமைப்பு, சூழல் எல்லாம் ஒரே நேரத்தில் போட்டி போடுகின்றன, வலுவான குறிப்பு வெல்கிறது. அதே 1994-இல் ட்ரூஸ்வெல், டானன்ஹவுஸ், கார்ன்சி மூவரும் கண்ணசைவை அளந்து, எழுவாய் உயிரற்றதாக இருந்தால் தடுமாற்றம் குறைவதைக் காட்டினார்கள். நம் சீட்டு வரி அவர்கள் பயன்படுத்திய உத்தியின் தமிழ்த் தம்பி. என் சாய்வு இரண்டாம் தரப்பின் பக்கம். ஆனால் பேருந்து வரியைப் பத்து முறை படித்த பிறகும் முதல் தடம் அப்படியே இழுப்பதைப் பார்க்கும்போது, ஃப்ரேசியரை முழுதாகக் கைவிடவும் மனம் வரவில்லை.

கடைசியில் வரும் வினை

தமிழில் வினை கடைசியில் வருகிறது. ஆகவே தமிழ் வாசகர் எதையும் முடிவு செய்யாமல் வினை வரும்வரை பொறுமையாகக் காத்திருப்பார் என்று ஒரு வாதம் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் உண்மையல்ல. நம்மைப் போலவே வினையைக் கடைசியில் வைக்கும் மொழி ஜப்பானியம். காமிடே, ஆல்ட்மன், ஹேவுட் மூவரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், படத்தைப் பார்த்துக்கொண்டே ஜப்பானிய வாக்கியம் கேட்டவர்களின் கண்ணைத் தொடர்ந்தார்கள். ‘பரிமாறுபவர்’ எழுவாயாகவும் ‘வாடிக்கையாளருக்கு’ என்று நான்காம் வேற்றுமையிலும் வந்ததுமே, வினை வருவதற்கு முன்பே, கொடுக்கக்கூடிய பொருளான உணவின் படத்துக்குக் கண் போனது. வேற்றுமை உருபே அடுத்து என்ன என்று சொல்லிவிடுகிறது. தமிழ் வாசகர் கையிலும் ஐ, கு, ஆல், இல் என்று அதே கருவிகள்தான் இருக்கின்றன.

காத்திருக்காததற்கு விலையும் உண்டு. மசுகாவும் இத்தோவும் 1995-இல் எடுத்துக்காட்டிய ஒரு ஜப்பானிய வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் தமிழில் வைத்தாலும் அதே குழியில் விழுகிறது. ஊரை மட்டும் நம்மூராக்குகிறேன்:

“மீனா குழந்தையைக் கோரிப்பாளையத்தில் பார்த்த ஆட்டோவில் ஏற்றினாள்.”

‘பார்த்த’ வரை மீனா குழந்தையைக் கோரிப்பாளையத்தில் பார்த்தாள். ‘ஆட்டோவில்’ வந்ததும் ஒரு குலுக்கல்: குழந்தையைப் பார்த்தது ஆட்டோவிலா? ‘ஏற்றினாள்’ வந்ததும் இன்னொரு குலுக்கல். கோரிப்பாளையத்தில் பார்த்தது ஆட்டோவை. குழந்தையை ஏற்றினாள், பார்க்கவில்லை. எழுவாய், செயப்படுபொருள் இரண்டையும் எச்சத்திலிருந்து கழற்றிக் கடைசி வினைக்கு மாற்ற வேண்டியிருக்கிறது. பேச்சில் ‘குழந்தையை’ என்பதற்குப் பிறகு ஒரு சின்ன நிறுத்தம் விட்டால் சரியாகிவிடும். எழுத்தில் அந்த நிறுத்தத்துக்கு வழியில்லை.

காற்புள்ளி போடலாமே என்பார்கள். ‘மீனா குழந்தையை, கோரிப்பாளையத்தில் பார்த்த ஆட்டோவில் ஏற்றினாள்’ என்பது முன்னதைவிட மேல்தான். இன்னும் நல்ல வழி, நீளமான எச்சத் தொடரை முதலிலேயே தள்ளிவிடுவது: “கோரிப்பாளையத்தில் பார்த்த ஆட்டோவில் மீனா குழந்தையை ஏற்றினாள்.” இப்போது அவிழ்க்க ஒரு முடிச்சும் இல்லை. ‘எழுவாய்தான் முதலில் வர வேண்டும்’ என்று பள்ளியில் சொல்லித்தந்ததை மறந்துவிடுங்கள். வினை கடைசியில் வரும் மொழிகளில் நீளமானது முன்னால், குட்டையானது பின்னால் என்பதே பேசுபவர்களின் இயல்பான சாய்வு. ஜப்பானியத்தில் யமஷிதாவும் சாங்கும் 2001-இல் இதைக் காட்டியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் தலைகீழ்: குட்டை முதலில், நீளம் பின்னால். ஆங்கிலச் செய்தியைச் சொல் வரிசை மாற்றாமல் தமிழாக்கும்போது வரும் மூச்சுத்திணறலில் பாதி இங்கிருந்துதான் வருகிறது.

‘கு’ உருபு இன்னும் நுட்பமாக ஏமாற்றும். “கமலாவுக்கு அண்ணன் வாங்கிய சுங்குடிச் சேலை பிடிக்கவில்லை.” ‘சேலை’ வரை அது கமலாவுக்காக வாங்கிய சேலை. ‘பிடிக்கவில்லை’ என்ற வினைக்கும் ‘யாருக்கு’ என்று ஒருவர் வேண்டும். கமலாவை அது பிடுங்கிக்கொள்கிறது. இப்போது ஒரு கேள்வி: சேலை யாருக்காக வாங்கப்பட்டது? வாக்கியம் அதைச் சொல்லவே இல்லை. அண்ணன் தன் மனைவிக்கு வாங்கியிருக்கலாம். ஆனாலும் படித்தவர்களில் பெரும்பாலோர் ‘கமலாவுக்கு’ என்றே சொல்வார்கள். கழற்றி மாட்டிய முடிச்சின் தழும்பு போவதில்லை.

இந்தத் தழும்பை முறையாகக் காட்டியது கிறிஸ்டியான்சன், ஃபெரைரா உள்ளிட்டோரின் 2001-ஆம் ஆண்டு ஆய்வு. ‘அன்னா உடுத்திக்கொண்டிருந்தபோது குழந்தை தொட்டிலில் விளையாடியது’ என்று பொருள்படும் ஆங்கில வாக்கியம் அது. ஆனால் அதன் சொல் வரிசையில் ‘அன்னா குழந்தைக்கு உடுத்தினாள்’ என்று முதலில் தோன்றும்படி இருக்கும். முழுதும் படித்து முடித்தவர்களிடம் ‘அன்னா குழந்தைக்கு உடை உடுத்தினாளா?’ என்று கேட்டார்கள். குழந்தை விளையாடியது என்பதைச் சரியாகப் புரிந்துகொண்டவர்களிலும் பலர் இதற்கு ‘ஆம்’ என்றார்கள். மனம் புதிய பொருளைக் கட்டிவிட்டு, பழையதை இடிக்க மறந்துவிடுகிறது.

செய்தி எழுதுபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். “திருப்பரங்குன்றம் சாலை நாளை மூடப்படும் என்று வாட்ஸாப்பில் பரவும் தகவல் உண்மையல்ல.” முதல் நான்கு சொல்லும் தனியே நின்றால் முழு வாக்கியம், ‘என்று’ வந்த பிறகுதான் அது வேறொருவர் பேச்சு என்று தெரிகிறது, ‘உண்மையல்ல’ வருவதற்குள் வதந்தியை ஒருமுறை முழுதாகப் படித்தாகிவிட்டது. கைபேசி அறிவிப்பில் வரி பாதியில் வெட்டப்பட்டால் வதந்தி மட்டுமே மிஞ்சும். “திருப்பரங்குன்றம் சாலை நாளை வழக்கம்போல் திறந்திருக்கும், மூடப்படும் என்பது வதந்தி” என்று எழுதினால் வெட்டுப்பட்டாலும் உண்மை தப்பிக்கும்.

ஒற்று என்ற வழிகாட்டி

சொல்லளவில் வரும் மயக்கத்துக்குத் தமிழ் எழுத்து ஒரு அருமையான கருவி வைத்திருக்கிறது. ஒற்று மிகுதலை வெறும் பிழைதிருத்த விஷயமாகப் பார்க்கிறோம். உண்மையில் அது அடுத்த சொல்லைத் தொடும் முன்பே வாசகருக்குத் தரப்படும் தகவல். ‘தந்த பலகை’ யாரோ கொடுத்தது. ‘தந்தப் பலகை’ யானைத் தந்தத்தில் செய்தது. ‘கடலை பார்த்தான்’ என்றால் பொரிகடலை, ‘கடலைப் பார்த்தான்’ என்றால் ராமேஸ்வரம் போயிருக்கிறான். கால், கடல், பால், வேல் என்று லகரத்தில் முடியும் சொற்கள் ‘ஐ’ ஏற்றதும் காலை, கடலை, பாலை, வேலை என்று வேறு சொல்லின் வேடம் போட்டுக்கொள்ளும்.

ஆனால் இந்த வழிகாட்டிக்கு எல்லை உண்டு. க, ச, த, ப நான்கின் முன்தான் ஒற்று மிகும். ‘வேலை எடுத்தான்’ என்பதில் எடுத்தது முருகனின் வேலா, அலுவலக வேலையா என்று ஒற்று சொல்லாது. மேலும் ‘காலை கழுவி’ என்று ஒற்றில்லாமல் இருந்தால், எழுதியவர் விதி தெரிந்தவர் என்ற நம்பிக்கையில், அது பொழுதுதான், பாதமல்ல. ஒற்று இருந்தாலோ ‘காலைக் கழுவி’யும் உண்டு, ‘காலைக் காற்று’ம் உண்டு. அதாவது ஒற்றின்மை ஒரு பொருளை உறுதியாக நீக்குகிறது. ஒற்று இரண்டையும் திறந்தே வைக்கிறது. கைபேசியில் அவசரமாகத் தட்டும் தமிழில் ஒற்று கண்டபடி உதிர்வதால், வாசகர்களும் அதை நம்புவதை நிறுத்திக்கொண்டிருக்கிறார்கள். வழிகாட்டிப் பலகையே ஊர் மாறி நின்றால் யார் பார்ப்பார்கள்?

சூழல் தெளிவாக இருந்தால் இருபொருள் சொல்லின் இரண்டாம் பொருள் தோன்றவே தோன்றாது என்று நினைக்கத் தோன்றும். டேவிட் ஸ்வின்னி 1979-இல் சோதித்தபோது, ஒருபக்கச் சூழலிலும் இரண்டு பொருளும் ஒரு கணம் விழித்துக்கொள்வது தெரிந்தது. மூன்று அசை கழிந்த பிறகு பொருந்தாதது அடங்கிவிடுகிறது. ‘பூச்சந்தையிலிருந்து மாலை…’ என்று படிக்கும்போது பொழுதும் ஒரு கணம் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போகிறது.

நம் இலக்கணக்காரர்கள் இதைக் கவனிக்காமல் விடவில்லை. தொல்காப்பியத்தின் வேற்றுமை மயங்கியலில் ‘தடுமாறு தொழிற்பெயர்’ என்றே ஒன்று வருகிறது. உரைகள் தரும் எடுத்துக்காட்டு ‘புலி கொல் யானை’. கொன்றது எது, செத்தது எது? அடுத்த நூற்பா ‘ஈற்றுப்பெயர் முன்னர்’ என்று தொடங்கி, பின்னால் வரும் சொல்லை வைத்து அறிவோர் தெளிவர் என்கிறது. யானை ஓடுகிறது என்று முடிந்தால் யானைதான் கொன்றது. யானைக் கோடு (தந்தம்) வந்தது என்று முடிந்தால் கதை வேறு. மயக்கம், அதைத் தீர்க்கும் சொல், அந்தச் சொல்லின் இடம் என்று மூன்றையும் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். அவர்களிடம் இல்லாதது மில்லி நொடி மட்டும்தான்.

அந்த மில்லி நொடிக்கு வருவோம். ஆங்கிலம் படிக்கும் தேர்ந்த வாசகரின் கண் ஒரு இடத்தில் சராசரியாக 200 முதல் 250 மில்லி நொடி தங்கும். கண்ணின் தாவல்களில் 10 முதல் 15 விழுக்காடு பின்னோக்கியவை. ஃப்ரேசியரும் கீத் ரேனரும் 1982-இல் காட்டியது, தீர்க்கும் சொல்லில் தங்கும் நேரம் கூடுகிறது என்பது மட்டுமல்ல; கண் பின்னால் போகும்போது தொடக்கத்துக்கு ஓடாமல் மயங்கிய இடத்துக்கே பெரும்பாலும் குறிவைத்துப் போகிறது என்பதும்தான். மூளை அலையில் பார்த்தால், தீர்க்கும் சொல் தோன்றிச் சுமார் 600 மில்லி நொடியில் ஒரு நேர்மின் மேடு எழும். ஆஸ்டர்ஹவுட், ஹால்கம் இருவரும் 1992-இல் தடம் மாறும் வாக்கியங்களில் அதைப் பதிவு செய்தார்கள்.

கண்ணசைவுக் கருவி இல்லாத கல்லூரித் துறைகளுக்கு ஒரு மடிக்கணினியே போதும். ஸ்பேஸ் பட்டையை அழுத்த அழுத்த ஒவ்வொரு சொல்லாகத் தோன்றும் முறை. இதற்கான சைக்கோபை, ஜேஎஸ்சைக் மென்பொருள்கள் இரண்டும் இலவசம். மயங்கும் வடிவம், மயங்காத வடிவம் என 24 இணை வாக்கியங்கள், அவற்றைப் போல் இரண்டு மடங்கு சம்பந்தமில்லாத வாக்கியங்கள், இரண்டு பட்டியல். ஓர் இணையில் ஒன்றை மட்டுமே ஒருவர் பார்க்க வேண்டும். தீர்க்கும் சொல்லை மட்டும் அளந்துவிட்டு ‘ஒன்றும் தெரியவில்லை’ என்று மூட்டை கட்டாதீர்கள். தடுமாற்றம் அடுத்த சொல்லில்தான் பல நேரம் வழிந்து தெரியும். அதனால் தீர்க்கும் சொல் வாக்கியத்தின் கடைசிச் சொல்லாக இருக்கக் கூடாது. தமிழில் வினை கடைசி என்பதால் இது உண்மையான தலைவலி. ‘ஏற்றினாள்’ என்பதை ‘ஏற்றினாள் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்’ என்று நீட்டி இடம் உண்டாக்கிக்கொள்ளுங்கள்.

தமிழுக்கே உரிய இரண்டு பொறிகளும் உண்டு. மறைந்த சொற்களுக்குப் பதில் கோடு காட்டும் வழக்கமான வடிவம் நமக்கு ஒத்துவராது. ‘ட’வும் ‘ணை’யும் ஒரே அகலம் இல்லை என்பதால் சொல் தோன்றும்போதெல்லாம் வரி அசைந்து கண்ணைக் கலைக்கும். திரையின் நடுவில் ஒரு சொல்லாகக் காட்டிவிடுங்கள். அடுத்தது நீளக் கணக்கு. ‘கொடி’ கண்ணுக்கு 2 எழுத்து, யூனிகோடில் 4 குறி. நிரல் தரும் நீளத்தை அப்படியே புள்ளியியலில் போட்டால் கொம்பும் சுழியும் உள்ள சொற்களெல்லாம் நெடுஞ்சொற்களாகிவிடும்.

கேள்வியை மயங்கிய இடத்தில் குறிவையுங்கள். ‘மீனா எங்கே இருந்தாள்?’ என்று கேட்டுப் பயனில்லை. ‘கோரிப்பாளையத்தில் மீனா பார்த்தது எதை?’ என்று கேளுங்கள். ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வி, தவறான பொருளைத் தானே நினைவூட்டிவிடும்.

இதெல்லாம் ஆய்வுக்கு. பலகை எழுதுபவருக்கு ஒரு அஞ்சல் அட்டை போதும். வாசகத்தை அட்டையால் மூடி, வலப்பக்கம் நகர்த்திக்கொண்டே ஒருவரைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். எந்தச் சொல்லில் குரல் முடிவதுபோல் இறங்கி, அடுத்ததில் அவசரமாக ஏறுகிறதோ அங்கே தடம் மாறுகிறது. பலகையில் வரி உடைவதும் ஒரு நிறுத்தம்தான். ‘நாளை மின்சாரம் நிறுத்தப்படும்’ என்று மேல்வரியும் ‘பகுதிகள்’ என்று கீழ்வரியும் வந்தால், முதல் வரியோடு ஊரே இன்வெர்ட்டரைத் தேடும். ‘நாளை மின்சாரம்’ என்று உடைத்து ‘நிறுத்தப்படும் பகுதிகள்’ என்று சேர்த்து எழுதுங்கள். எச்சத்தையும் அது தழுவும் பெயரையும் ஒரே வரியில் வைப்பதுதான் விதி. நம் பேருந்துக்கு ‘இந்தப் பேருந்தில் நின்றுகொண்டு பயணிக்க அனுமதி இல்லை’ என்று எழுதிவிட்டால் ‘நிற்கும்’ என்ற சொல்லே வேண்டாம்.